கண்ணில் வெள்ளை தெரிகிறது என்று தாய் சொல்லும்போது

சேலம் மாவட்டத்து அரசு சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி கண்புரை முகாம்களிலும், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி அளவு பார்ப்பதிலும் கழிந்தது. முதியவரின் கண்புரையை இந்தத் தையில் விட்டு அடுத்த ஆடியில் எடுத்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். அதனால் முகாம் வேலையில் இருப்பவர்களுக்கு அவசரம் என்ற எண்ணமே நாளடைவில் மங்கிப்போகும். அதே முகாமுக்கு இடுப்பில் தூக்கி வரப்படும் குழந்தையின் கண்மணிக்குள் வெள்ளை தெரிந்தால் மட்டும் கணக்கு வாரங்களுக்கு வந்துவிடுகிறது. அந்தக் குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு தாமதமாகக் கண் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. படிக்காத தாய்மார்களின் அறியாமையே காரணம் என்று மேடைகளில் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரெட்டினோபிளாஸ்டோமா என்ற இந்த விழித்திரைப் புற்றுநோய்தான் குழந்தைகளின் கண்ணுக்குள் தோன்றும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது. ஏறக்குறைய 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 8,000 குழந்தைகள். பிறப்புகள் மிகுந்த நாடு என்பதால் அதில் இந்தியாவின் பங்கு பெரியது. அநேகமாக எல்லோரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள், பெரும்பாலோர் இரண்டு வயதைக்கூடத் தாண்டாதவர்கள். 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதடையும்போது விழித்திரையின் இளம் அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்குகின்றன. இப்படி இரண்டு அடிகள் விழ வேண்டும் என்பதை, மரபணுவை யாரும் கண்ணால் காண்பதற்கு முன்பே, 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நோயாளிகளின் வயதுக் கணக்கை வைத்தே ஊகித்துச் சொன்னார். 1986இல் அந்த மரபணுவே கைக்கு அகப்பட்டது. பத்தில் நான்கு குழந்தைகளுக்கு முதல் பழுது உடலின் எல்லா அணுக்களிலும் இருக்கும். அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் நோய் வரும், அதைத் தங்கள் பிள்ளைகளுக்குக் கடத்தவும் கூடும். மற்றவர்களுக்குப் பழுது அந்த ஒரு கண்ணின் விழித்திரையோடு நின்றுவிடும்.

நம் பக்கத்தில் பிள்ளைக்கு எந்தக் குறை வந்தாலும் சொந்தத்தில் திருமணம் முடித்ததால்தான் வந்தது என்று சொல்லிவிடுவார்கள், பழியும் பெரும்பாலும் பெண்ணின் பக்கமே போகும். வேறு சில பிறவி நோய்களுக்கு அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. இந்த நோய்க்கு அது பொருந்தாது. பரம்பரையாக வரும் வகையில்கூடப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டியதில்லை, ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அதோடு, பரம்பரை வகைக் குழந்தைகளிலும் பெரும்பாலோரின் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இந்த நோய் இருந்திருக்காது, பழுது அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தொடங்கியிருக்கும். ஆகவே, எங்கள் வம்சத்தில் இப்படி யாருக்கும் கிடையாது என்று தாத்தாக்கள் தரும் உறுதிமொழிக்கு மருத்துவரீதியாக மதிப்பே இல்லை.

காலத்தோடு வந்தால் இது குணமாகும் நோய். கட்டி சிறிதாக இருந்தால் லேசர், உறைகுளிர்ச் சிகிச்சை, கையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவோ கண்ணுக்குச் செல்லும் தமனி வழியாகவோ செலுத்தப்படும் புற்றுநோய் மருந்து ஆகியவற்றால் கண்ணையும் பல நேரம் பார்வையையும் சேர்த்தே காப்பாற்றலாம். கட்டி கண் முழுவதையும் அடைத்துவிட்டிருந்தால் கண்ணை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றலாம். கட்டி கண்ணைத் தாண்டிப் பார்வை நரம்பு வழியே மூளைக்கோ, ரத்தத்தின் வழியே எலும்பு மஜ்ஜைக்கோ போய்விட்டால்தான் நம் கையை விட்டுப் போகிறது. 153 நாடுகளில் 2017இல் புதிதாகக் கண்டறியப்பட்ட 4,351 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. பணக்கார நாடுகளில் நோய் கண்டறியப்பட்ட இடைநிலை வயது 14 மாதம், மிக ஏழை நாடுகளில் 30 மாதம். முதல் வகை நாடுகளில் கட்டி கண்ணைத் தாண்டிய நிலையில் வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. கடைசி வகை நாடுகளில் ஏறக்குறையப் பாதிப் பேர். அதே குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு 99க்கும் மேல், மிக ஏழை நாடுகளில் 57. இந்தியா அடங்கும் நடுத்தரத்திலும் கீழான வருமான நாடுகளில் அது 80. நோய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், குழந்தை வந்து சேரும் நாள்தான் வேறு.

அந்தப் பதினாறு மாத இடைவெளி எங்கே போகிறது என்பதே என் கேள்வி. தாயிடம் போகவில்லை என்று நான் சொல்வது வெறும் பரிவினால் அல்ல. 2003இல் வெளியான ஒரு நியூயார்க் ஆய்வில், நோயின் முதல் அறிகுறியைக் கண்டவர்களில் பத்தில் எட்டுப் பேர் குடும்பத்தாரும் தெரிந்தவர்களும்தான். குழந்தை மருத்துவர்கள் கண்டுபிடித்தது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வளவு வசதியுள்ள ஊரிலேயே இதுதான் நிலை. ஏற்காடு இருக்கும் எங்கள் சேர்வராயன் மலையில் தாய்மார்கள் அதைவிடக் கூர்மையாகப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அங்கே குழந்தை நாள் முழுவதும் தாயின் மேலேயே கிடக்கிறது.

ஏற்காட்டுக்கு மேலே உள்ள ஒரு மலைக் கிராமத்து அங்கன்வாடியில் ஒரு பெண் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் காலம் அது. வேலை முடித்து நேராக வந்திருந்தாள், மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. "சாயங்காலம் பால் குடுக்கிறப்ப, பாப்பா இந்தப் பக்கமாத் திரும்பினா கண்ணுக்குள்ள வெள்ளையா பளிச்சுன்னு தெரியுதுக்கா. லைட்டப் போட்டு நேராப் பாத்தா இல்ல. எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டறதுக்குள்ள போயிடுது. ஆஸ்பத்திரியிலயும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. எனக்குத்தான் கண்ணு சரியில்லேன்னு எங்க அத்தை திட்டறாங்க." குழந்தையின் தலையை எந்தச் சாய்வில் பிடித்தால் தெரியும் என்பதைக்கூட அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, தன் வலது தோளுக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள்.

அவள் சொன்ன ஒவ்வொன்றும் கண் மருத்துவப் பாடத்தில் உள்ளது. மங்கலான வெளிச்சத்தில் கண்மணி விரியும். அப்போதுதான் உள்ளே இருக்கும் கட்டியின் வெண்மை வெளியே தெரிய வழி கிடைக்கும். மருத்துவமனை அறையின் பிரகாசத்தில் கண்மணி சுருங்கி, அந்த வாசல் அடைபட்டுவிடும். இரண்டாவது காரணம் வெளிச்சத்தின் திசை. பார்ப்பவரின் பார்வையும் வெளிச்சமும் ஒரே கோட்டில் போனால்தான் கண்ணின் அடித்தளத்திலிருந்து திரும்பும் ஒளி பார்ப்பவரின் கண்ணுக்கு வந்து சேரும். பக்கவாட்டில் பிடிக்கும் பேனா டார்ச்சில் அது வராது. தாயின் தலைக்குப் பின்னால் ஒரு சன்னலோ பல்போ இருக்க, அவள் குனிந்து பார்க்கும் நேரத்தில் தற்செயலாக அந்தக் கோடு அமைந்துவிடுகிறது. கட்டி ஓரத்தில் இருந்தால் குழந்தை ஒரு குறிப்பிட்ட பக்கம் பார்க்கும்போது மட்டுமே தெரியும். ஆக, வந்து வந்து மறைகிறது என்று ஒரு தாய் சொன்னால் அது சந்தேகத்துக்குரிய பேச்சு அல்ல. நோயின் இயல்பை அவள் சரியாக விவரிக்கிறாள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு இடது கண் லேசாக உள்நோக்கித் திரும்பியும் இருந்தது. வெள்ளைக் கண்மணிக்கு அடுத்தபடியாக இந்த நோயில் அதிகம் காணப்படும் அறிகுறி மாறுகண்தான், ஏனென்றால் பார்வை போன கண் நேராக நிற்கும் காரணத்தை இழந்துவிடுகிறது. பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "மாறுகண்ணு வீட்டுக்கு ராசி கண்ணு, அதப் போயி நோவுங்கிறியே" என்றார். "ராசியாவே இருக்கட்டும் பாட்டி, ஒரு தடவை மருந்து ஊத்திப் பாத்துடுவோம்" என்று நான் சொன்னதற்கு அவரிடம் பதில் இல்லை. நம்பிக்கையோடு மோதினால் கதவு சாத்திக்கொள்ளும் என்பது முகாம் வேலையில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். பிறந்து முதல் மூன்று நான்கு மாதங்கள் வரை குழந்தையின் கண் அவ்வப்போது விலகுவது இயல்பு. அதற்குப் பிறகும் விலகினால் ராசிக் குழந்தையாக இருந்தாலும் கண்மணியை மருந்திட்டு விரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வீட்டுக்குள் போகும் காலத்துக்கு இன்னும் சில வடிவங்கள் உண்டு. கண்ணில் பூ விழுந்திருக்கிறது என்று நந்தியாவட்டைச் சாறும் தாய்ப்பாலும் விடுவார்கள். கண்ணேறு கழிப்பார்கள். மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்துவதாக நேர்ந்துகொள்வார்கள். வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த எங்கள் சேலத்தில் கண்மலர் கிடைப்பதும் எளிது. கண்மலர் சாத்துவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை, நானும் கோட்டை மாரியம்மனுக்குச் சாத்தியிருக்கிறேன். மாசியில் நேர்ந்துகொண்டு ஆடித் திருவிழா வரை மருத்துவமனைக்குப் போகாமல் காத்திருப்பதுதான் குழந்தையைக் கொல்கிறது, அம்மன் அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லை.

மேலே சொன்ன குடும்பத்தில் நான் பார்த்த இன்னொரு பொருள் காதுகுத்து ஆல்பம். தாய்மாமன் மடியில் குழந்தை, மொட்டைத் தலையில் சந்தனம், அழுதுகொண்டே கேமராவைப் பார்க்கிறது. பெரிதாக்கி லேமினேட் செய்த படத்தில் இரண்டு கண்மணியும் கறுப்பாகத்தான் இருந்தன. ஆனால் அதே நேரத்தில் மாமன் மகன் தன் கைபேசியில் எடுத்த படத்தில் வலது கண்மணி சிவந்தும் இடது கண்மணி வெள்ளையாகவும் இருந்தது. ஸ்டுடியோக்காரர் படம் அசிங்கமாக இருக்கக்கூடாது என்று கணினியில் இரண்டு கண்ணையும் கறுப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். அவர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. பூசி மறைப்பதற்குத்தான் நாம் அவருக்குக் காசு கொடுக்கிறோம். கைபேசியின் ஃபிளாஷ் லென்சுக்கு ஒட்டியே இருப்பதால், நான் மேலே சொன்ன ஒரே கோடு அதில் தானாகவே அமைந்துவிடுகிறது. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியரான பிரையன் ஷா, தன் மகனுக்கு இந்த நோய் கண்டறியப்பட்ட பிறகு வீட்டில் இருந்த ஆயிரக்கணக்கான புகைப்படங்களைத் தேதிவாரியாக அலசியபோது, குழந்தை பிறந்த 12ஆம் நாள் எடுத்த படத்திலேயே வெண்மை இருந்ததைக் கண்டார். மருத்துவர்கள் அதைக் கண்டுபிடித்ததோ மகனுக்கு நான்கு மாதம் ஆனபோது. பின்னர் அவர் தன் குழுவோடு சேர்ந்து, கைபேசியில் உள்ள படங்களில் இந்த வெண்மையைத் தேடும் ஒரு செயலியையும் உருவாக்கினார்.

கைபேசிப் படத்துக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. குழந்தை சற்றே ஓரமாகப் பார்க்கும்போது பார்வை நரம்பு தொடங்கும் வெளிறிய வட்டத்தில் ஃபிளாஷ் பட்டு, நல்ல கண்ணும் வெள்ளையாகத் தெரியக்கூடும். கண் சிவப்பைக் குறைக்கும் வசதி கேமராவில் இயங்கிக்கொண்டிருந்தால் உண்மையான வெண்மையும் மறையக்கூடும். ஒரு படத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் அழ வேண்டாம்; அதே கண் வெவ்வேறு படங்களில் திரும்பத் திரும்ப வெள்ளையாகத் தெரிந்தால் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும்.

வீட்டைத் தாண்டிய பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. தாய் தயங்கித் தயங்கி வெளியே கொண்டுவந்த சொல்லை மருந்துக்கடை முதலில் வாங்கிக்கொள்கிறது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கண்ணின் சிவப்பைச் சில நாள் அடக்கிவைக்கும், குடும்பம் நிம்மதியாகிவிடும். அடுத்து, ஒரு நாளில் எண்ணற்ற காய்ச்சலையும் சளியையும் பார்க்கும் மருத்துவர், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார். தன் பணிக்காலம் முழுவதிலும் அவர் இந்த நோயை ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகலாம் என்பது உண்மை. அதனால்தான் அவர் தன் நினைவை நம்பாமல் தாயின் வாக்கை நம்ப வேண்டும் என்கிறேன். பிறவிக் கண்புரை என்று எண்ணி, உள்ளே இருப்பது என்னவென்று ஸ்கேன்கூடப் பார்க்காமல் கண்ணில் அறுவை செய்துவிட்டு, அந்தக் குழந்தையை ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து எங்களிடம் அனுப்பியதுண்டு. வேறு புற்றுநோய்களில் ஊசியால் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள்; இந்த நோயில் கண்ணைத் துளைத்தால் கட்டி வெளியே பரவ வழி கிடைக்கும் என்பதாலேயே அதைச் செய்வதில்லை. மயக்க மருந்து கொடுத்து விழித்திரை முழுவதையும் நேரில் பார்ப்பது, அல்ட்ராசவுண்டில் கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று பார்ப்பது, எம்ஆர்ஐ எடுப்பது ஆகியவற்றைக் கொண்டே முடிவுக்கு வருவார்கள்.

தூரமும் காலத்தைத் தின்கிறது. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிவாரம் வந்து, சேலத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ எழுதிக் கொடுத்தால், இரவு ரயில் ஏறுவதற்குள் கூலி போன நாட்களும் கைமாற்று வாங்கிய கணக்கும் கூடிவிடும். சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. இரண்டையும் யாராவது உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மயக்க மருந்துப் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள் என்பதால் முதல் பயணத்தைவிட ஐந்தாவது பயணம்தான் கடினமானது.

எல்லாவற்றையும்விட நீண்ட தாமதம், நோய் என்னவென்று தெரிந்த பிறகு வருகிறது. கண்ணை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்றே குடும்பம் வீடு திரும்பிவிடும். பெரியவர்களிடம் கேட்டு வருகிறோம் என்பார்கள். பெண் குழந்தையாக இருந்தால் நாளைக்கு யார் கட்டுவார்கள் என்ற கேள்வி, ஆணாக இருந்தால் ஒற்றைக்கண்ணன் என்ற பட்டம். நாட்டு மருந்தில் கரைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்வார். சில மாதம் கழித்து அதே குழந்தை, கண் இமைக்கு வெளியே புடைத்துத் தள்ளிய நிலையில், வலியால் தூங்காமல், திரும்பி வரும். சிகிச்சையே இல்லாவிட்டால் இந்த நோயில் உயிர் தப்புவது மிக அரிது. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்பவர்கள், கண்ணை எடுக்க வேண்டும் என்ற சேதி அவர்களுக்கு எப்படிச் சொல்லப்பட்டது என்பதையும் விசாரிக்க வேண்டும். நெரிசலான நடைவழியில், கையில் கோப்போடு நின்றபடி, தாய்க்குப் புரியாத சொற்களில், தகப்பனிடம் மட்டும் சொல்லப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்லில் தீராததைக் காட்டித் தீர்க்கலாம். மலைக் கிராமத்துக் குழந்தையின் குடும்பம் தயங்கியபோது, ஏற்கெனவே கண் எடுக்கப்பட்ட ஒரு சிறுவனின் தாயைச் சேலத்திலிருந்து வரவழைத்தோம். அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. மகனை மடியில் சாய்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை விரலால் இழுத்து, செயற்கைக் கண்ணை உள்ளங்கையில் எடுத்து வைத்தாள். வெள்ளைப் பகுதியில் சிவப்பு நூலிழை போல மெல்லிய ரத்த நாளங்கள்கூட வரையப்பட்டிருந்த, சிப்பி வடிவ மூடி அது. பாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதுவா கண்ணு என்றார். கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, மேல் இமைக்கு அடியில் செருகி, கீழ் இமையை விட்டதும் சிறுவன் எழுந்து ஓடிவிட்டான். எந்தக் கண் என்று பாட்டியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அறுவையின்போதே குழிக்குள் ஓர் உருண்டையைப் பதித்துவிடுவார்கள் என்பதால் முகம் உள்வாங்காது. ஒன்றரை மாதம் போல ஆனதும் செயற்கைக் கண் பொருத்துவார்கள். பிள்ளை வளர வளர அதை மாற்றிக்கொண்டே வர வேண்டும். எடுத்த கண்ணை ஆய்வகத்தில் பகுத்து, பார்வை நரம்பின் வெட்டிய நுனியில் நோய் இல்லை என்றால் பல குழந்தைகளுக்கு வேறு மருந்தே தேவைப்படாது. இதை முதல் நாளே சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

என்ன செய்யலாம் என்பதற்கு ஹோண்டுராஸ் என்ற சிறிய, ஏழை நாட்டின் அனுபவம் எனக்குப் பிடித்தமானது. 2003 முதல் அங்கே தடுப்பூசி இயக்கத்தோடு சேர்த்தே வெள்ளைக் கண்மணியைப் பற்றிப் பிரச்சாரம் செய்தார்கள். அதற்கு முன்பு கட்டி கண்ணைத் தாண்டிய நிலையில் வந்தவர்கள் நூற்றுக்கு 73 பேர். பிரச்சாரத்துக்குப் பின் அது 35 ஆனது. புதிய கட்டடமோ புதிய பதவியோ தேவைப்படவில்லை. தாயும் குழந்தையும் எப்படியும் வரும் நாளைப் பயன்படுத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் அந்த நாள் புதன்கிழமை. மலையில் எந்த மூலையில் இருந்தாலும் தடுப்பூசிக்கு வராத குழந்தை அபூர்வம், கிராம சுகாதார செவிலியருக்கு ஒவ்வொரு குழந்தையின் பெயரும் தெரியும். ஒன்றரை மாதத்திலும் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் ஊசி போடும்போது கண்ணையும் பார்த்துவிட்டால், இந்த நோய் தலைகாட்டும் காலம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அங்கன்வாடியின் சன்னலைப் போர்வையால் மூடி, குழந்தையைத் தாயின் மடியில் வைத்து, ஒரு கை நீளத்துக்கு அப்பால் நின்று, ஆப்தல்மாஸ்கோப் என்ற, கண்ணின் உட்புறம் பார்க்கும் விளக்குக் கருவியின் துளை வழியே இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளின் கண்ணிலிருந்து தேய்த்துக் கழுவிய செம்புப் பாத்திரத்தின் நிறத்தில் ஒளி திரும்பும். இரண்டிலும் ஒன்றுபோல் திரும்பினால் போகலாம். ஒன்றில் வெள்ளையோ மஞ்சளோ தெரிந்தாலும், ஒளியே திரும்பாமல் இருண்டிருந்தாலும், இரண்டுக்கும் வேறுபாடு இருந்தாலும் அனுப்பிவிட வேண்டும். புரையா, கட்டியா, வேறு விழித்திரை நோயா என்று அங்கேயே பிரிக்கத் தேவையில்லை. எதுவாக இருந்தாலும் குழந்தைக்குக் காத்திருக்கும் நேரம் கிடையாது. கருவி விலை அதிகம் என்பார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் ஆர்க்லைட் என்ற, சூரிய ஒளியில் மின்னேற்றிக்கொள்ளும், சட்டைப் பைக்குள் அடங்கும் மலிவான கருவியை ஏழை நாடுகளின் ஊழியர்களுக்காகவே செய்திருக்கிறார்கள். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகின்றன, பிறவிக் கண்புரை அவர்களுடைய பட்டியலிலேயே இருக்கிறது. புரையைத் தேடும் அதே பார்வையில் இந்தக் கட்டியும் அகப்படும்; எடை பார்ப்பதற்குத் தரும் நேரத்தில் பாதியை இருட்டு அறைக்கும் தந்தால் போதும். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் குழந்தைப் புற்றுநோய்களுக்காக வகுத்த திட்டத்தில் முதன்மையாகக் கவனிக்க வேண்டிய ஆறு நோய்களில் இதையும் சேர்த்திருக்கிறது. ஜெனீவாவில் எழுதியது எங்கள் மலைக் கிராமமான நாகலூர் வரை வந்து சேர்வதற்கு ஒரு போர்வையும் ஒரு கருவியும் தவிர வேறு தடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பரிந்துரைச் சீட்டில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். கண் பரிசோதனைக்கு என்று எழுதினால் குழந்தை கண்ணாடி வரிசையில் நிற்கும், இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். வெள்ளைக் கண்மணி, கட்டி இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும், அவசரம் என்று எழுதி, தொலைபேசியிலும் சொல்லிவிட்டால் அதே வாரத்தில் பார்த்துவிடுவார்கள்.

பத்து மாதக் குழந்தையோடு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டிய தாயின் அந்த மகளுக்கு இடது கண் எடுக்கப்பட்டது, நரம்பில் நோய் இல்லை. இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள், வரன் பேச்சும் தொடங்கியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா என்று தாய் என்னிடம் கேட்டாள். சின்ன வயதில் விளையாடும்போது குச்சி குத்திவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பது பாட்டியின் யோசனை. ஒரு கண்ணில் மட்டும் நோய் வந்தவர்களிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் பரம்பரை வகையாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பழுது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு, அந்தக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்த சில நாட்களுக்குள்ளேயே பார்க்கத் தொடங்க வேண்டும். கதிர்வீச்சையும் வீணாகப் படவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த வகையினருக்குப் பின்னாளில் எலும்பிலும் வேறு இடங்களிலும் புற்றுநோய் வரும் ஆபத்து கூடுதல். குச்சி குத்தியதாகச் சொல்லிவிட்டுப் பிறந்த மூன்றாம் நாள் பேரக் குழந்தையைக் கண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று பாட்டிக்கு எடுத்துச் சொன்னேன். ஆர்பி1 மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையை முதலில் செய்துவிடலாம் என்று தகப்பனார் சம்மதித்திருக்கிறார். மாதிரி எடுத்து அனுப்பியாகிவிட்டது. முடிவு வந்த பிறகு, மகளும் உடன் இருக்க, மாப்பிள்ளை வீட்டாரோடு பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.